லெவல் 2 சான்றிதழோடு அணுசக்தி நீர்மூழ்கியில் சோதனை வேலை பார்க்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியில் வெல்டிங்கில் என்.வி.கியூ. 4 முடித்தவர். கொழும்பில் கப்பல் திருத்தும் இடமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே அல்ட்ராசோனிக் சோதனையில் (ஒலியலை அனுப்பி உலோகத்துக்குள் குறை தேடும் முறை) லெவல் 2, அதாவது மூன்று படிகளில் நடுப்படிச் சான்றிதழும் எடுத்திருக்கிறார். அடிலெய்டில் இருக்கும் அவருடைய மாமா, "இங்கே அணுசக்தி நீர்மூழ்கி கட்டப்போகிறார்கள், என்.டி.ரி. ஆட்களுக்குத் தட்டுப்பாடு, சான்றிதழோடு வா" என்கிறாராம். என்.டி.ரி. என்பது பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் தொழில். அந்தச் சான்றிதழ் போதுமா, அப்படியான கப்பல்களில் சோதனை செய்கிறவர்களை எப்படித் தகுதி பார்த்து எடுக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி.

தம்பி, நேரே சொல்லிவிடுகிறேன்: போதாது. உங்கள் சான்றிதழில் குறை இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். லண்டனில் எடுத்த லெவல் 2 என்றாலும் இதே பதில்தான். அணுசக்தி நீர்மூழ்கியின் ஒட்டை, அதாவது வெல்டிங் செய்து சேர்த்த இடத்தை, சோதிக்க வருகிறவரிடம் அவர்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இந்த வகை ஒட்டில், இந்தக் கருவியால், எங்கள் எழுத்து நடைமுறைப்படி, நாங்கள் ஒளித்து வைத்த வெடிப்பை (உலோகத்தில் விழுந்த கீறலை) எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துக் காட்டு. அதைக் காட்டிய பிறகுதான் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை வரும். வேறு யாட்டுக்கு (கப்பல் கட்டும் தளத்துக்கு) போனால் திரும்பவும் காட்டவேண்டும். இதற்கு மேல் குடியுரிமை என்றொரு கதவும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் மின் நிலையங்களிலும் நீண்டகாலம் இந்த வேலை செய்தவன். இப்போது கோண்டாவிலில் இருந்துகொண்டு பெடியன்களுக்கு அடிப்படை சொல்லிக்கொடுக்கிறேன். நீர்மூழ்கிக்குள் நின்று வேலை பார்த்ததில்லை. ஆனால் அந்தத் துறையின் நியமங்களில் பல பகிரங்கமானவை, அணு மின் நிலையங்களின் தகுதிகாண் முறையும் அதுவும் ஒரே வேரில் இருந்து வந்தவை. அதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் சான்றிதழ் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். உலகத்தில் பெரிய வழிகள் இரண்டு. ஒன்று ஐ.எஸ்.ஓ. 9712. இதில் உங்கள் முதலாளியோடு சம்பந்தமில்லாத ஒரு சான்றளிக்கும் அமைப்பு பரீட்சை வைக்கும். பொது, குறித்த துறை, செய்முறை என்று ஒவ்வொரு பகுதியிலும் 70 புள்ளி எடுக்கவேண்டும். பிரித்தானியாவின் பி.சி.என்., அவுஸ்திரேலியாவின் ஏ.ஐ.என்.டி.ரி. எல்லாம் இந்த வழி. மற்றது அமெரிக்க என்.டி.ரி. சங்கத்தின் எஸ்.என்.ரி.-ரி.சி.-1ஏ, 1966 முதல் இருப்பது. இதில் சான்றிதழ் தருகிறவர் முதலாளியே. கொம்பனி தனக்கென்று ஒரு எழுத்து நடைமுறை வைத்து, தன் லெவல் 3 ஆளைக்கொண்டு பரீட்சை நடத்தி, தன் பெயரில் தரும். வேலையை விட்டால் அந்தச் சான்றிதழும் அங்கேயே நின்றுவிடும்.

பலருக்குத் தெரியாத விஷயம், ஐ.எஸ்.ஓ. 9712 கூட "இந்த ஆள் இந்த வேலையைச் செய்யலாம்" என்று சொல்லவில்லை. பொதுவான திறமை இருக்கிறது என்று மட்டும்தான் அது உறுதி சொல்கிறது. வேலையில் இறங்க அனுமதி கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று அந்த நியமத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் லெவல் 2, பரீட்சை மண்டபத்தின் வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடும். உள்ளே போய் எழுதவேண்டியது இன்னும் இருக்கிறது.

அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களில் எந்தச் சோதனையை எப்படிச் செய்வது, யார் செய்யலாம் என்பதற்கு முன்பு மில்-எஸ்.ரி.டி.-271 என்ற இராணுவ நியமம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் கடற்படையின் தொழில்நுட்ப வெளியீடு ஒன்று இருக்கிறது. அதன் நீண்ட இலக்கத்தின் கடைசியிலும் 271 என்றே வரும். அணு உலையோடு சேர்ந்த குழாய்களுக்கும் கலங்களுக்கும் இதற்கு மேலாகத் தனி நியமங்கள். எஸ்.என்.ரி.-ரி.சி.-1ஏ-இன் சட்டகத்தை எடுத்து, அதில் "செய்யலாம்" என்று இருப்பதையெல்லாம் "செய்யவேண்டும்" என்று இறுக்கிவைத்தால் என்ன வருமோ, ஏறத்தாழ அதுதான்.

ஏன் இவ்வளவு இறுக்கம்? இதற்குப் பின்னால் செத்துப்போன மனிதர்கள் இருக்கிறார்கள்.

உலகின் முதலாவது அணுசக்தி நீர்மூழ்கியான நோட்டிலஸ், 1955 ஜனவரி 17 அன்று அணுசக்தியில் புறப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், கட்டும் தளத்தில் நிற்கும்போதே சின்ன நீராவிக் குழாய் ஒன்று வெடித்தது. பொருத்தவேண்டியது மடிப்பில்லாத, நெடுக ஒட்டே இல்லாத குழாய். பொருத்தியிருந்ததோ சாதாரண மடிப்பு ஒட்டுக் குழாய், கைப்பிடித் தூண்களுக்குப் பாவிக்கிற ரகம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எங்கெங்கே எது இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லப் பதிவு இல்லாததால் அந்த வகைக் குழாய்களைக் கழற்றி மாற்றவேண்டி வந்தது. அமெரிக்க அணுசக்திக் கடற்படையைக் கட்டிய அட்மிரல் ரிக்கோவர் பொருள் அடையாளத்திலும் பதிவிலும் பிடிவாதக்காரர் என்று பெயர் எடுத்தது சும்மா இல்லை.

அடுத்தது திரெஷர். 1963 ஏப்ரல் 10. அமெரிக்காவின் கேப் கொட் முனைக்குக் கிழக்கே ஏறத்தாழ 220 மைல் தூரத்தில், ஆழச் சோதனை ஓட்டத்தில் அந்த நீர்மூழ்கி 129 பேரோடு போய்விட்டது. அதில் 17 பேர் கடற்படை ஆட்களே இல்லை, யாட்டிலிருந்தும் கொம்பனிகளிலிருந்தும் வந்த சிவிலியன்கள். எங்களைப்போல வேலை பார்க்க ஏறியவர்கள். இயந்திர அறையில் கடல்நீர்க் குழாயின் ஒட்டு ஒன்று விட்டுக்கொடுத்திருக்கக்கூடும் என்று விசாரணை மன்றம் முடிவு சொன்னது. வேறு விளக்கங்கள் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் தொழிலுக்கு நெஞ்சில் குத்துகிற தகவல் வேறு. அந்தக் கப்பலில் வெள்ளி கலந்து பற்றவைத்த குழாய் ஒட்டுகள் ஏறத்தாழ 3,000. கடைசித் திருத்த வேலையின்போது அவற்றில் 145 ஒட்டுகளை அல்ட்ராசோனிக்கால் சோதித்தார்கள். சுமார் 14 சதவீதம் தரத்துக்குக் கீழே. அது தெரிந்தும், மூடிய காப்புறையைப் பிரித்து மிச்சத்தைச் சோதிக்க நேரம் எடுக்கும் என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். அதே விகிதம் முழுக் கப்பலுக்கும் பொருந்தும் என்றால் 400-க்கு மேற்பட்ட மோசமான ஒட்டுகளோடு அது கடலுக்குள் இறங்கியிருக்கிறது. சோதனை தன் வேலையைச் செய்தது, அது சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அந்த வருட டிசம்பரிலேயே சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1915 முதல் 1963 வரை அமெரிக்கா போர் இல்லாமலே 16 நீர்மூழ்கிகளை இழந்திருந்தது. சப்சேஃப் வந்த பிறகு இழந்தது ஒன்று, 1968-இல் ஸ்கோர்ப்பியன். அதற்கு சப்சேஃப் சான்று இருக்கவில்லை. இந்தத் திட்டத்தின் நடு முதுகெலும்பு ஆதாரம்: எந்த ஒட்டு, எந்தப் பொருள், யார் ஒட்டினார், யார் எந்தக் கருவியால் சோதித்தார், அவருக்கு அன்றைக்குத் தகுதி இருந்ததா. இவை எழுத்தில் இல்லையென்றால் அந்தச் சோதனை நடக்கவில்லை என்றே கொள்வார்கள். உங்களுடைய தகுதிப் பத்திரமும் அந்த ஒட்டின் ஆதாரத்தில் ஒரு தாள். உங்கள் கண் பரிசோதனை காலாவதியான நாளில் நீங்கள் சோதித்த ஒட்டுகள் எல்லாவற்றையும் இன்னொருவர் திரும்பச் சோதிக்கவேண்டி வரலாம்.

சரி, பரீட்சைக்கு வருவோம்.

எழுத்துப் பரீட்சையை நான் பெரிதாக எடுக்கமாட்டேன். அலைநீளம் கணக்கிட, கோணம் மாற, நியமத்தில் ஏற்பு எல்லை தேட உங்களுக்குத் தெரியும். கஷ்டம் செய்முறையில் இருக்கிறது. மேசையில் ஒட்டுத் துண்டுகள் வைப்பார்கள். சிலதில் வெடிப்பு, சிலதில் உருகிப் பிடிக்காத இடம், சிலதில் கசடு, சிலதில் ஒன்றுமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது தேர்வாளருக்கு மட்டும் தெரியும். துண்டுகளின் அடையாளத்தை மறைத்து வைப்பார்கள், முதல் வந்தவர் அடுத்தவருக்குச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. மயிலிட்டியில் பைபர் படகு திருத்துகிற அனுபவசாலி உடம்பை நாணயத்தால் தட்டி, உள்ளே பிரிந்த இடத்தைச் சத்தத்தில் சொல்லுவார். அவர் நல்ல படகையும் கெட்ட படகையும் நிறையத் தட்டிக் கேட்டவர். இங்கேயும் அந்தக் காதுதான் கேட்கப்படுகிறது, ஆனால் மார்க் போட்டு.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். 20 மில்லிமீற்றர் தகடு, ஒலியலையை 60 பாகைச் சரிவில் அனுப்பும் புரோப். கற்றை மேலிருந்து ஒட்டின் அடிக்குப் போய்ச் சேரும் பாதை 40 மில்லிமீற்றர். தகட்டின் மேல் அளந்தால் 34.6. ஒட்டின் அடியில், நாங்கள் ரூட் என்கிற இடத்தில், கொஞ்சம் உலோகம் எப்போதும் வழிந்து நிற்கும். அதுவும் எதிரொலி தரும். ரூட்டின் விளிம்பில் வெடிப்பு இருந்தால் அதுவும் தரும். திரையில் வெடிப்பு 40-இலோ அதற்குச் சற்று உள்ளேயோ நிற்கும், வழிந்த உலோகம் 42, 43 என்று கொஞ்சம் தள்ளி நிற்கும். வித்தியாசம் இரண்டு, மூன்று மில்லிமீற்றர்தான். இப்போது அந்தத் தகடு உண்மையில் 20 இல்லை, 20.8 என்று வையுங்கள். வெடிப்பின் எதிரொலி 41.6-க்குப் போய்விடும். தடிப்பை நேர்ப் புரோப்பால் அளக்காமல் வரைபடத்தில் இருந்த 20-ஐ நம்பியவர், வெடிப்பைப் பார்த்து "இது ரூட்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். திறமையானவர் ஒட்டுக்கு வெளியே தடிப்பை அளந்து குறித்துவைத்துவிட்டு, ஒரு பக்கம் பார்த்த அதே இடத்தை மறுபக்கத்திலிருந்தும் பார்ப்பார். வெடிப்பு என்றால் இரண்டு பக்கப் புள்ளிகளும் ஒரே இடத்தில் விழும். வழிந்த உலோகம் என்றால் புள்ளிகள் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கமாகப் போய்விடும். தேர்வாளர் உங்கள் விடையைப் பார்க்க முன்னமே, நீங்கள் தடிப்பை அளந்தீர்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்லிக்கொடுக்கும் பெடியன்களில் கை நன்றாக ஓடுகிறவர்களிடம் அடிக்கடி காண்கிற ஒன்று: முதல் குறையைக் கண்டதும் மனம் ஆறிவிடும். அந்த மகிழ்ச்சியில் மிச்ச நீளத்தை வேகமாக ஓட்டிவிடுவார்கள். பரீட்சைத் துண்டு செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெரிய கசடு ஒன்றுக்குப் பக்கத்தில், அதன் நிழலில், சின்ன வெடிப்பு ஒன்றை வைத்திருப்பார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, எங்கள் ஆட்கள் அதை யோசிப்பதே இல்லை. இல்லாத குறையை இருக்கிறது என்று சொல்வதும் தோல்விதான். "சந்தேகம் என்றால் வெட்டச் சொல்லு, பாதுகாப்பு" என்று ஊரில் சொல்லிக்கொள்வோம். நீர்மூழ்கியின் உடம்பு எச்.வை.-80 போன்ற உருக்கு, விளைவு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) ஏறத்தாழ 550 மெகாபஸ்கால். அதில் நல்ல ஒட்டை வெட்டித் திரும்ப ஒட்டினால் புதிய வெப்பம், புதிய இழுவிசை, ஹைட்ரஜன் புகுந்து புதிய வெடிப்பு வர வாய்ப்பு. ஹைட்ரஜன் வெடிப்பு ஒட்டிய உடனே வருவதில்லை, மணித்தியாலங்கள், சிலவேளை நாட்கள் கழித்து வரும். அதனால்தான் ஒட்டி முடித்துக் குறித்த நேரம் காத்திருந்து கடைசிச் சோதனை செய்வார்கள். சும்மா வெட்டச் சொல்கிற பரிசோதகர் கப்பலைப் பலவீனப்படுத்துகிறார்.

இரண்டு பிழைகளையும் சேர்த்து அளக்கிற முறை அணு மின் நிலையங்களில் நன்றாக வளர்ந்திருக்கிறது. 1982-இல் நியூயோர்க் மாநிலத்தின் நைன் மைல் பொயின்ட் நிலையத்தில், உலையின் சுற்றோட்டக் குழாய்களில் வெடிப்புகள் பிடிபட்டன. அதற்கு முந்திய அல்ட்ராசோனிக் சோதனை அந்த ஒட்டுகளில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தது. சோதித்தவர்களிடம் சான்றிதழ் இல்லாமல் இல்லை. அதன்பிறகு அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம், உண்மையாகவே வெடிப்பு விழுந்த குழாய்த் துண்டுகளில் திறமையைக் காட்டிவிட்டு வேலைக்குப் போங்கள் என்று கேட்கத் தொடங்கியது. பிறகு அது அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் கோவையில் 11-ஆம் பகுதி, எட்டாம் பின்னிணைப்பாக நிலைபெற்றது. அந்த முறையில் குறையுள்ள பகுதிகளைப்போல இரண்டு மடங்கு குறையற்ற பகுதிகள் கலந்திருக்கும். குறையுள்ள பகுதி ஐந்து மட்டும் என்றால் ஐந்தையும் பிடிக்கவேண்டும், குறையற்றதில் ஒன்றைக்கூடப் பிழையாகச் சொல்லக் கூடாது. கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். குழாய் வெடிப்பின் ஆழத்தில் உங்கள் பிழை, எல்லாத் துண்டுகளையும் சேர்த்து வர்க்கச் சராசரி மூலமாகப் பார்த்தால், 3.2 மில்லிமீற்றருக்குள் நிற்கவேண்டும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது வெடிப்பைத்தான் பிடிக்கக்கூடிய ஒருவர் தொடர்ந்து 29 வெடிப்புகளையும் தவறாமல் பிடிக்கும் வாய்ப்பு, 0.9-இன் 29-ஆம் அடுக்கு. அது 0.047, ஐந்து சதவீதத்துக்குக் கீழே. ஆகவே 29-க்கு 29 பிடித்தவரைப் பார்த்து, "இவர் பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடிப்பார்" என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். விமானத் துறையில் இந்த 29-ஐ எல்லோருக்கும் தெரியும். மூன்று துண்டு கொடுத்து லெவல் 2 கொடுக்கிற பரீட்சை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்று இதிலிருந்தே விளங்கும்.

கண் பரிசோதனை பற்றிச் சுருக்கமாக: வருடத்துக்கு ஒருமுறை, ஐ.எஸ்.ஓ. 9712 வழியில் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் யேகர் 1 என்ற மிகச் சிறிய எழுத்தை வாசிக்கவேண்டும், கண்ணாடி போடலாம். நிறம் வேறுபடுத்தவும் தெரியவேண்டும், சிவப்புச் சாயத்தைப் பார்த்து முடிவு சொல்லும் வேலை என்பதால்.

அல்ட்ராசோனிக் மட்டும் இல்லை, மற்ற முறைகளிலும் தனித்தனியாகத் தகுதி வேண்டும். காந்தத் துகள் சோதனையில் ஏ.சி. யோக் (கையில் பிடிக்கும் மின்காந்தம்) காலையில் 4.5 கிலோ இரும்பைத் தூக்குகிறதா என்று பார்த்துப் பதியாமல் தொடங்கக் கூடாது. சாயம் ஊடுருவும் சோதனை, அதாவது சாயத்தைப் பூசிக் கழுவி வெடிப்புக்குள் மிஞ்சியதைப் பார்ப்பது, எல்லாவற்றிலும் லேசானது என்று நினைப்பார்கள். உலைப் பகுதியில் அது அப்படியில்லை. அங்கே துருவேறா உருக்கும் நிக்கல் கலப்புலோகமும்தான் அதிகம், குளோரைட் பட்டு, சூடும் இழுவிசையும் சேர்ந்தால் துருவேறா உருக்கு வெடிக்கும். அதனால் பாவிக்கும் சாயம், கழுவும் திரவம், வெள்ளை டெவலப்பர், ஏன், குறிபோடும் பேனைக்குக்கூட குளோரினும் கந்தகமும் எல்லைக்குள் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுச் சான்று இருக்கவேண்டும். கடையில் வாங்கிய மார்க்கரால் வட்டம் போடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். காங்கேசன்துறைப் பக்கம் கடற்காற்றில் நிற்கும் தகட்டைத் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதே உப்பு விரல் வியர்வையிலும் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு ஒட்டைத் தடவிப் பார்க்கிறவரைத் தேர்வாளர் உடனே கவனிப்பார்.

சேவையில் இருக்கும் கப்பல் என்றால் கதிர்வீச்சும் சேரும். சர்வதேசப் பரிந்துரை, வேலை செய்கிறவருக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவேர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு). அந்த எல்லைக்கு எவ்வளவோ கீழே வைத்திருக்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கான வழி, அதே அளவில் செய்த மாதிரி ஒன்றில், அதே உடுப்போடும் முகமூடியோடும், முதலே பழகுவது. உள்ளே போனபிறகு புரோப் எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இல்லை. 2000 மே மாதம் பிரித்தானியாவின் டயர்லெஸ் நீர்மூழ்கி, உலைக் குளிர்நீர்க் குழாயில் வெடிப்போடு ஜிப்ரோல்டருக்குப் போய், ஏறத்தாழ ஒரு வருடம் அங்கேயே நின்றது. அதன் தொடர்ச்சியாக மற்ற தாக்குதல் நீர்மூழ்கிகளிலும் அதே இடத்தைப் பார்க்கவேண்டி வந்தது. அப்படியான நெருக்கடியில், அந்த ஒரு ஒட்டுக்குப் பழகி, காட்டி, தகுதி எடுத்த ஆட்களைத்தான் உள்ளே விடமுடியும்.

இனி நேர்மை. இதைப் பரீட்சையால் அளக்கமுடியாது, ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கிறது. அமெரிக்காவின் ரகோமா நகரத்தில் நீர்மூழ்கி உடம்புக்கு வார்ப்பு உருக்கு கொடுத்த ஆலையொன்றில், உலோகவியலாளர் ஒருவர் 1985 முதல் 2017 வரை 240-க்கு மேற்பட்ட வார்ப்புகளின் வலிமை, உறுதிச் சோதனை முடிவுகளை மாற்றி எழுதியது பிடிபட்டது. 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2022-இல் இரண்டரை வருடச் சிறை. சில சோதனைகளை மறை 73 பாகை செல்சியஸில் செய்யச் சொல்வது முட்டாள்தனம் என்று தான் நினைத்ததாகச் சொன்னாராம். நியமம் பிழை என்று பட்டால் எழுதிக் கேட்க வழி இருக்கிறது. எண்ணை மாற்ற எந்த உரிமையும் இல்லை. 32 வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். சோதனை முடிவு பெரும்பாலும் ஒருவருடைய சொல் மட்டும்தான். அதனால்தான் நல்ல யாட்டுகளில் ஏற்கனவே சோதித்த ஒட்டுகளைச் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொருவரைக் கொண்டு திரும்பப் பார்ப்பார்கள். அதை அவமானமாக எடுக்கிற ஆள் இந்த வேலைக்குச் சரிவரமாட்டார்.

குடியுரிமைக்கு வருகிறேன். அவுஸ்திரேலியா, பிரித்தானியா, அமெரிக்கா மூன்றும் சேர்ந்த ஓக்கஸ் உடன்பாடு 2021 செப்ரெம்பரில் அறிவிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் சொன்ன திட்டப்படி புதிய நீர்மூழ்கிகளை அடிலெய்டின் ஒஸ்போனில் கட்டுவார்கள். மாமா சொன்னது உண்மை, ஆட்கள் தேவைதான். அவுஸ்திரேலியத் தொழிலாளர்களை ஹவாயின் பேர்ல் ஹார்பர் யாட்டுக்கு அனுப்பிப் பழக்குகிறார்கள். ஆனால் அங்கே பாதுகாப்பு அனுமதிக்குப் பொதுவாக அவுஸ்திரேலியக் குடியுரிமை வேண்டும். அமெரிக்க அணு உந்துவிசைத் தகவல்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. பிரித்தானியாவிலும் இந்தியாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. இந்தியாவின் அணுசக்தி நீர்மூழ்கியான அரிஹந்த் விசாகப்பட்டினத்தில் கட்டப்பட்டது, அதன் உலையின் முன்மாதிரி ஓடியது எங்களுக்குக் கடல் தாண்டினால் கல்பாக்கத்தில். கிட்டத்தான் இருக்கிறது, ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே உள்ளே போகமுடியாது. எந்த முகவராவது "நீர்மூழ்கி வேலை, விசா நாங்கள் பார்க்கிறோம்" என்று பணம் கேட்டால், ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? நீங்கள் 24 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து வருடத்துக்குத் திட்டம் போடுங்கள். இலங்கை அணுசக்தி சபையின் கீழ் களனியில் தேசிய என்.டி.ரி. மையம் இருக்கிறது. அங்கே காந்தத் துகள், சாய ஊடுருவல், றேடியோகிராபி என்று மற்ற முறைகளையும் ஒவ்வொன்றாக எடுங்கள். அல்ட்ராசோனிக்கில் துருவேறா உருக்கு ஒட்டைப் பார்க்கப் பழகுங்கள். அதன் பெரிய உலோக மணிகள் ஒலிக் கற்றையை வளைத்துச் சிதறடிக்கும், சாதாரண உருக்கில் பழகிய கண் அங்கே தடுமாறும், அணு உலைப் பகுதியில் பெரும்பாலும் அதுதான். அப்புறம் வெளிநாட்டவரை எடுக்கும் சிவில் இடங்களைப் பாருங்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் பராக்காவில் நான்கு உலைகள் ஓடுகின்றன, பல நாட்டவர் வேலை செய்கிறார்கள். எரிவாயு ஆலைகளும் அடுத்த படிக்கு நல்ல பள்ளிக்கூடம். அவுஸ்திரேலியாவுக்கே போகவேண்டும் என்றால் ஏ.ஐ.என்.டி.ரி. சான்றோடு சுரங்கம், எரிவாயுப் பக்கம் நுழைந்து, முறைப்படி குடியுரிமை வந்த பிறகு ஒஸ்போனைப் பாருங்கள். அந்தக் கட்டும் வேலை பல பத்தாண்டுகளுக்கு இருக்கும், பிந்திப் போனீர்கள் என்று வராது.

இப்போதே தொடங்கக்கூடிய வேலை இரண்டு. உங்களுக்கு வெல்டிங் தெரியும் என்பது பெரிய வாய்ப்பு. குறையோடு துண்டு செய்து பழகுங்கள்: ஒன்றில் ரூட் பிடிக்காமல் விடுங்கள், ஒன்றில் கசடைப் புதையுங்கள், ஒன்றை நன்றாக ஒட்டுங்கள். இலக்கம் போட்டு, எதில் என்ன என்று கூட்டாளி ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து நீங்களே சோதித்து, வரைந்து, பிறகு வெட்டிப் பாருங்கள். மற்றது ஒரு கொப்பி. எந்த நாள், எந்த முறை, என்ன தடிப்பு, எத்தனை மணித்தியாலம் என்று எழுதி, அந்தந்தக் கிழமையே உங்கள் லெவல் 3 ஆளிடம் கையெழுத்து வாங்குங்கள். வேலை மாறிய பிறகு பழைய இடத்துக்குப் போய்க் கேட்டால், உங்களை ஞாபகம் வைத்திருக்கும் ஆள் அங்கே இருக்கமாட்டார், கையெழுத்தில்லாத மணித்தியாலத்தை எந்தச் சான்றளிக்கும் அமைப்பும் எண்ணாது.